கடைசிக் கிழமையில் என்னைத் தேடாதீர்கள்: திருகோணமலை நாடகக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நெறியாளர்களுக்கும், நாடகம் பழக்கும் ஆசிரியர்களுக்கும், விழாக் குழுவினருக்கும்,

வணக்கம்.

இந்த ஊரில் மேடை நாடகங்களுக்குத் தந்திரக் காட்சி அமைத்துக் கொடுப்பது என் வேலை. ஆள் மறைய வேண்டும், வெட்டிய தலை பேச வேண்டும், ஒன்றுமில்லாத இடத்தில் தெய்வம் தோன்ற வேண்டும் என்று கதை கேட்கும். அதை மரத்தாலும் துணியாலும் வெளிச்சத்தாலும் உண்டாக்கிக் கொடுப்பேன். உங்களில் பலரிடம் என் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. எப்போது எடுப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நாடகத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான். "தம்பி, நாடகம் எல்லாம் ரெடி. கடைசி சீனில மட்டும் ஒரு மெஜிக் போட்டுத் தாங்கோவன்."

அந்த ஒரு கிழமைக்குள் என்னால் ஆகக்கூடியது, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பெட்டி ஒன்றைத் தூசு தட்டிக்கொண்டு வருவதுதான். அது உங்கள் நாடகத்துக்காகச் செய்த பெட்டி இல்லை. அதன் நிறம் உங்கள் அரண்மனைக்கும் சேராது, உங்கள் காட்டுக்கும் சேராது. தள்ளிக்கொண்டு வர இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேருக்கும் கதையில் வேலை கிடையாது. சனம் கைதட்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெட்டி மேடைக்கு வந்தவுடனே நாடகம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் மெஜிக் ஷோ நடக்கும். அப்புறம் நின்ற நாடகத்தை மறுபடி முதலிலிருந்து சூடாக்க வேண்டும். பந்தலுக்கு வாழைமரம் கட்டுவதைப் போலக் கடைசி நாளில் கட்டிவிடலாம் என்று இந்த வேலையை நினைத்துவிட்டீர்கள்.

நாடகத்தின் எழுத்துரு கடதாசியில் இருக்கும்போதே என்னைக் கூப்பிடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

நம்மூர்க் கதையையே எடுப்போம். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்க்காமல் திரும்பாத இடம் இராவணன் வெட்டு. தாய் வழிபட வேண்டும் என்பதற்காக மலையைப் பெயர்த்துக்கொண்டு போக வந்த இராவணன், வாளால் வெட்டிய பிளவு என்பது கதை. இதை நாடகமாக்குகிற நெறியாளர் என்னிடம் "மலை பிளக்க வேணும்" என்பார். மலையைப் பிளப்பது லேசு. வர்ணம் பூசிய இரண்டு தட்டி, அடியில் சில்லு, பின்னால் ஒரு கயிறு. ஓர் ஓடாவியார் மனம் வைத்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும்.

நான் திருப்பிக் கேட்பது வேறு. மலை பிளக்கிற நேரத்தில் சனம் யாருடைய முகத்தைப் பார்க்க வேண்டும்?

இராவணனுடைய ஆணவத்தைப் பற்றிய நாடகம் என்றால், வாள் மலையில் படுவதற்குச் சற்று முன்பே மலை பிளந்துவிட வேண்டும். ஓங்கிய கை ஓங்கியபடி நிற்கும். பிளந்தது தன் பலத்தால் இல்லை என்று அவனுக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். இதில் கயிறு திரைக்குப் பின்னால் நிற்பவருடைய கையில் இருக்கும். ஒத்திகைக்கு ஒத்திகை அவர் நேரத்தைச் சிறிது மாற்றி மாற்றி இழுத்தால் நடிகரின் திடுக்கிடல் கடைசிவரை பழுதாகாது.

தாய்க்கும் மகனுக்குமான நாடகம் என்றால் முழுக் காட்சியும் மாறும். அவன் வெட்டுகிறான், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வெட்டுகிறான். வாளைப் போட்டுவிட்டு, தோற்ற முகத்தோடு தாயின் பக்கம் திரும்புகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் மலை திறக்கிறது. சனம் பார்க்கிறது, தாய் பார்க்கிறாள், அவன் மட்டும் பார்க்கவில்லை. தாயின் முகம் மாறுவதைக் கண்டுதான் அவன் திரும்ப வேண்டும். இதில் கயிற்றின் நுனியைத் தாயாக நடிக்கிற பிள்ளையின் சேலை மடிப்புக்குள் கொடுத்துவிடுவேன். மகனுடைய கண்ணையும் மலையையும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்பது அவள்தான்.

தட்டியும் சில்லும் இரண்டுக்கும் ஒன்றே. கயிறு யார் கையில் என்பதில் நாடகம் வேறாகிவிடுகிறது. கடைசிக் கிழமையில் இதை எப்படிப் பேசுவது? அதற்குள் பிள்ளைகள் நின்ற இடம், திரும்பிய பக்கம், விட்ட மூச்சு எல்லாவற்றையும் பாடமாக்கி முடித்திருப்பார்கள். நான் வந்து "அம்மா, நீங்கள் இந்தப் பக்கம் நில்லுங்கோ" என்றால் அந்தப் பிள்ளைக்கு வசனமே மறந்துபோகும்.

பாத்திரத்துக்கு ஆள் தெரிவு செய்யும்போதும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். மேடை வித்தைகளில் செலவு குறைந்ததும் பலன் கூடியதும் இரட்டை ஆள் வைப்பது. ஒரே உயரம், ஒரே நடை, ஒரே உடுப்பு. முனிவர் இடது பக்கம் மறைகிறார். சனம் மூச்சு விடுவதற்குள் மண்டபத்தின் பின்வாசலால் அதே முனிவர் நடந்து வருகிறார். கண்ணாடி தேவையில்லை, பெட்டி தேவையில்லை, மின்சாரம்கூடத் தேவையில்லை. ஆனால் ஒத்த உயரமுள்ள இரண்டு பேர் தேவை. முனிவராக நடிப்பவர் உங்கள் குழுவிலேயே ஆக உயர்ந்த பையன் என்றால் அந்தக் கதவு அன்றைக்கே மூடிவிட்டது. ஆள் ஒளிகிற பெட்டி செய்வதென்றாலும், உள்ளே ஒளியப் போகிற பிள்ளையை அளந்துதான் பலகை அறுப்போம். அந்தப் பிள்ளை நடிக்கவில்லை என்று கடைசிக் கிழமையில் வேறொருவரைக் கொண்டு வந்து நிறுத்தினால், நான் பலகையை நீட்டுவதா பிள்ளையை மடிப்பதா?

இனி மண்டபம். இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வேலைகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

தன் தலையையே கொய்து, நரம்பை எடுத்துத் தந்தியாக்கி, இராவணன் வீணை செய்து சாமகானம் பாடுகிற கதை எல்லாருக்கும் தெரியும். மேடையில் அதைச் செய்யப் பழைய முறை ஒன்று இருக்கிறது. 1880களில் ஜெர்மனியில் மக்ஸ் அவுஸிங்கர் என்பவர் மேடைக்குக் கொண்டுவந்தது. பின்புறம் முழுக்கக் கறுப்பு வெல்வெற். கறுப்பு வெல்வெற்றால் போர்த்திய ஆள் அதன் முன்னால் நின்றால் தெரியமாட்டார். மேடை விளிம்பிலிருந்து சனத்தின் பக்கமாகச் சின்ன விளக்குகளைத் திருப்பி வைத்தால், கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிப் பின்னால் உள்ள கறுப்பைப் பிரித்தறியாது. பத்துத் தலையில் ஒன்று கழன்று, காற்றில் மிதந்து, வீணையின் குடமாக வந்து உட்காரும். இது நூலகத்துப் புத்தகங்களில் உள்ள முறைதான். நான் என் சொந்த வழிகளைச் சொல்லிவிட்டேன் என்று சக கலைஞர்கள் கோபிக்க வேண்டாம்.

இப்போது இதை நம் மண்டபம் ஒன்றில் பின்னேரம் மூன்று மணிக்குப் பரிசளிப்பு விழாவில் போடச் சொல்கிறீர்கள். யன்னல்களுக்குத் திரை கிடையாது. மேற்கு வெயில் மேடையின் பாதிவரை வந்து நிற்கிறது. வெல்வெற்றுக்குப் பதிலாகப் பளபளக்கிற சற்றின் துணி வாங்கியிருக்கிறீர்கள், அது விலை குறைவு என்பதால். சற்றின் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், வெல்வெற்தான் விழுங்கும். கச்சான் காற்றுக் காலமென்பதால் மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, பின்திரை அலை அடிக்கிறது. ஆடுகிற கறுப்பு, கறுப்பாக இராது. போதாக்குறைக்கு வீடியோக்காரர் தன் கமராவின் மேல் ஒரு விளக்கைக் கொளுத்திக்கொண்டு நேரே மேடைக்கு ஏறி வருகிறார். தலையைத் தூக்கிப் பிடித்திருக்கும் பொடியனின் முழங்கைகூட எல்லாருக்கும் தெரிகிறது. பின்வரிசையிலிருந்து யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்கிறது.

இத்தனைக்கும் வழி இருக்கிறது. யன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடிக்கலாம், விழாவை இருட்டிய பிறகு வைக்கலாம், வீடியோக்காரரோடு முதல் நாளே பேசலாம், அந்தக் காட்சிக்கு மட்டும் விசிறியை நிறுத்தலாம். இவை எதுவும் சரிவராது என்று முன்கூட்டியே தெரிந்தால் கறுப்பு முறையை விட்டுவிட்டு வேறு முறைக்குப் போவேன். பகல் வெளிச்சத்திலும் நிற்கிற தந்திரங்கள் இருக்கின்றன. எந்த மண்டபம், எந்த நேரம் என்று தெரியாமல் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது, அதுதான் விடயம்.

லண்டனில் நடந்த ஒரு கதை இதற்குப் பொருத்தம். மேடையில் ஆவி தோன்றி நடமாடுவதற்கு ஹென்றி டேர்க்ஸ் என்ற பொறியியலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய கண்ணாடித் தகடு ஒன்று; வேறிடத்தில் ஒளிந்திருக்கும் நடிகர்மேல் பலத்த வெளிச்சம்; அவருடைய பிம்பம் கண்ணாடியில் விழுந்து, மேடையில் நிற்பவரோடு பேசுவது போலத் தெரியும். அருமையான யோசனை. ஆனால் அவர் சொன்னபடி செய்வதானால் அதற்கென்றே ஒரு அரங்கைப் புதிதாகக் கட்ட வேண்டும். எந்த முதலாளி கட்டுவார்? ஜோன் ஹென்றி பெப்பர் என்ற விஞ்ஞான ஆசிரியர் கண்ணாடியைச் சரித்து வைத்துப் பார்த்தார். இருக்கிற அரங்கிலேயே வேலை நடந்தது. 1862ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல் நாள் ரோயல் பொலிரெக்னிக்கில் அந்த ஆவியைக் காட்டினார்கள். பெப்பரின் ஆவி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. டேர்க்ஸுக்கு அதில் வாழ்நாள் முழுக்க மனக்குறை, பாவம்.

அதே ஆவியை நம் பள்ளி மேடையிலும் காட்டலாம். நம் மேடைகள் கொங்கிறீற். கீழே பள்ளம் கிடையாது, ஆளைக் கீழே ஒளிக்க வழியில்லை. ஆகவே பக்கவாட்டில் ஒளித்து, கண்ணாடியை நிமிர்த்தி 45 பாகையில் திருப்பி வைக்க வேண்டும். கண்ணாடிக்குப் பதில் தெளிவான பிளாஸ்ரிக் தகடு போதும், விழுந்தாலும் பிள்ளைகளை வெட்டாது. கணக்கு நேரானது: ஒளிந்திருப்பவர் தகட்டுக்கு இரண்டு மீற்றர் தள்ளி நின்றால், ஆவி தகட்டுக்குப் பின்னால் அதே இரண்டு மீற்றரில் தெரியும். மேடையில் நடிப்பவர் அந்த இடத்தைச் சோக்கால் கீறி வைத்துக்கொண்டு நடிக்க வேண்டும். ஆவியை அவர் பார்க்க முடியாது, சனத்துக்குத்தான் தெரியும். வெறும் காற்றைப் பார்த்து நடுங்கப் பழக ஒரு நடிகருக்கு எத்தனை நாள் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் கதிரைகள். எந்தத் தந்திரமானாலும் இரண்டு கரையிலும் கடைசிக் கதிரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் மேடையில் கோடு போடுவேன். அங்கிருந்து பக்கத் திரைக்குள் என்ன தெரிகிறது? முன் வரிசை இன்னொரு தலையிடி. பிரதம விருந்தினருக்கென்று சோபாவை மேடையோடு ஒட்டிப் போட்டுவிடுவீர்கள். தாழ்ந்த சோபாவிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு மேசையின் அடி, பெட்டியின் அடி எல்லாம் தெரியும். விழாவுக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, ரகசியத்தையும் அவருக்கே காட்டிக் கொடுக்கிறோம். சோபாவைப் பத்தடி பின்னால் தள்ளுங்கள். அவருக்குக் கழுத்தும் நோகாது.

நெறியாளர்களோடு மட்டும் பேச வேண்டிய பகுதி இது. தந்திரத்தை நான் செய்து தருகிறேன், அதை நம்ப வைப்பது உங்கள் நெறியாள்கை. சனம் எங்கே பார்க்கிறது என்பதை நடிகர்களின் கண்தான் தீர்மானிக்கிறது. மேடையில் நிற்கிற பன்னிரண்டு பேரும் வாசலைப் பார்த்தால் மண்டபம் முழுக்க வாசலைப் பார்க்கும். அந்த வேளையில் மேடை நடுவில் யானையை மாற்றி வைத்தாலும் தெரியாது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ரகசியம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஆதலால், "இப்ப வரப்போகுது, இப்ப வரப்போகுது" என்று அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாதி ரகசியம் அங்கேயே போய்விட்டது. கூத்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தரத் தேவையில்லை. கூத்தாடும் வட்டக்களரியில் நாலா பக்கமும் சனம், ஒளிக்க மூலையே கிடையாது. இருந்தும் மத்தளத்தை எங்கே ஏற்றினால் எல்லார் கண்ணும் எங்கே போகும் என்று கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிற அண்ணாவியாருக்குத் தெரியும். இரண்டு பேர் பிடிக்கிற ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் அரசனைக் கொண்டு வந்து நிறுத்தி, சனத்தைக் காத்திருக்க வைத்து, பிறகு விலக்குவதை விடப் பெரிய தோற்றுவித்தை என் பட்டறையில் இல்லை.

தந்திரம் முடிந்த பிறகு வருகிற நேரமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. வங்காளத்து மந்திரவாதி பி.சி. சர்க்கார் 1956 ஏப்ரல் 9ஆம் திகதி பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் தன் உதவியாளரான இளம்பெண்ணை மேசையில் கிடத்திச் சுழல்வாளால் அறுத்தார். வாள் நின்றது. பெண்ணைக் கூப்பிட்டார், கையைத் தேய்த்தார், அசைவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். நேரம் முடிந்துவிட்டதென்று அறிவிப்பாளர் குறுக்கே வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் செத்துவிட்டாள் என்று எண்ணி, ஊரே பிபிசிக்குத் தொலைபேசி எடுத்தது. மறுநாள் பத்திரிகைகளில் முதல் பக்கம். சர்க்கார் வேண்டுமென்றே அப்படி நேரம் வைத்தார் என்பவர்கள் உண்டு, எனக்கும் அந்தச் சந்தேகம்தான். அறுவை அந்தக் காலத்துக்குப் பழசு, லண்டனில் செல்பிற் 1921இலேயே செய்து காட்டியது. எழுந்திராத அந்தச் சில நொடிதான் புதிசு. நம் நாடகங்களில் தெய்வம் தோன்றிய மறுநொடியே கோரஸ் பாடத் தொடங்கிவிடுகிறது. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். மேடையில் நிற்கும் ஒருவராவது அதை நம்ப முடியாமல் பார்க்கட்டும்.

தந்திரக் காட்சி என்றாலே மலிவான சரக்கு என்று நினைக்கிற நாடக அறிஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, சிறு விளக்கம்தான். தமிழ்நாட்டின் பழைய நாடகக் குழுக்களான கன்னையா கம்பெனியும் நவாப் இராஜமாணிக்கம் கம்பெனியும் தசாவதாரக் காட்சிகளால் சனத்தைக் கட்டிப்போட்டார்கள். நடிகர் ஆர்.எஸ். மனோகர் தன் நாடகக் குழுவைக் கொண்டு இராவணனைக் கதாநாயகனாக்கி, தந்திரக் காட்சிகளோடு தமிழ்நாடெங்கும் மேடையேற்றினார். அந்த வழியில் அளவு மீறியதும் நடந்தது. கதை எங்கே, காட்சி எங்கே என்று தெரியாமல் போன நாடகங்கள் உண்டு. மறுபக்கத்தில், பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றிய இராவணேசன் கூத்து ஆட்டத்தையும் பாட்டையும் வைத்தே இராவணனை நிமிர்த்திக் காட்டியது. அப்படி ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தால், எனக்கு இங்கே வேலையில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். கன்னியா வெந்நீரூற்றுக் கதையில் இராவணன் நிலத்தைக் குத்த ஏழு ஊற்றுக் கிளம்பிய காட்சிக்கு உண்மைத் தண்ணீர் கேட்ட ஒருவருக்கும் அதையே சொன்னேன். மேடை நிறைய மின்வயர் ஓடுகிற இடத்தில் தண்ணீரா? ஏழு பிள்ளைகள், ஏழு நீலப் பட்டு, கீழிருந்து வெளிச்சம். அதில் தந்திரம் ஒன்றுமில்லை, ஆனால் தண்ணீர் தெரியும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடிக்கும்.

1903 டிசம்பர் 30ஆம் திகதி சிக்காகோவின் இரோகுவா அரங்கில் பகல் காட்சி. மாயக் காட்சிகள் நிறைந்த நாடகம், பார்க்க வந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் பிள்ளைகளும். மேடை விளக்கொன்றின் பொறி திரையில் பிடித்தது. வெளியேறும் கதவுகளில் பல பூட்டிக் கிடந்தன. 600 பேருக்கு மேல் செத்தார்கள். அரங்கு திறந்து ஓரிரு மாதம்கூட ஆகவில்லை. தீப்பிடிக்கவே பிடிக்காது என்றுதான் விளம்பரம் செய்திருந்தார்கள். நம் விழாக்களில் ரிக்கெற் இல்லாமல் ஆள் புகுந்துவிடும் என்று பக்கக் கதவுகளைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒருவர் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார். பக்கக் கதவு பூட்டியிருந்தால் என் காட்சியில் நெருப்பு இராது, இதில் பேச்சுக்கே இடமில்லை. திருவிழா வெடிமருந்தைக் கொண்டு வந்து "அண்ணை, இதால ஒரு மின்னல் அடிப்பமா?" என்று கேட்கிற தம்பிமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வைகுந்தம், கயிலாயம் என்றால் உலர்பனிப் புகை கேட்பீர்கள். அழகுதான். ஆனால் அது காபனீரொட்சைட்டு. காற்றை விடப் பாரம் கூடியது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். அந்தப் புகைக்குள் ஒரு பிள்ளையைப் பிணமாகப் படுக்க வைத்து, மேலே நின்று பாட்டுப் பாடினால், அந்தப் பிள்ளை மூச்சுக்குத் திணறும். வெறுங்கையால் தொட்டால் தோலைச் சுடும், அதன் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 78 பாகை. படுத்திருப்பவர் இருக்கிற காட்சியில் உலர்பனி வேண்டாம். பூட்டிய சிறிய அறையில் அதை வைத்திருக்கவும் வேண்டாம்.

ஆளைத் தூக்கிப் பறக்க விடுவது பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. கடற்கரை ஊர் என்பதால் எல்லாருக்கும் தங்கூசியின், அதாவது மீன்பிடி நைலோன் நூலின், பலம் தெரியும், இத்தனை கிலோ மீனைத் தாங்குமே என்பார்கள். தங்கூசியில் பூ பறக்கலாம், கடிதம் பறக்கலாம், கிளி பறக்கலாம். அதுகூட விளக்கில் மினுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு உருக்குக் கம்பி, அதற்கென்று செய்த கச்சை, பாரத்தைப் போலப் பல மடங்கு தாங்குகிற உத்தரம், அதைப் பார்த்துச் சொல்ல ஒரு பொறியியலாளர். நம் மண்டபக் கூரைகளில் ஆளைக் கொழுவ நான் சம்மதித்ததில்லை, சம்மதிக்கவும் மாட்டேன். அனுமார் பாயட்டும், பறக்க வேண்டாம்.

பொருட்களின் வயதையும் பாருங்கள். இந்த ஊரின் உப்புக்காற்றில் பிணைச்சல் கறள் கட்டும், கண்ணாடியின் பின்பூச்சுப் புள்ளி விழும், மார்கழி மழையில் வெல்வெற் பூஞ்சணம் பிடிக்கும். போன வருடம் நன்றாக வேலை செய்த பெட்டி என்று சொல்லி, சோதிக்காமல் பிள்ளையை உள்ளே விடக்கூடாது. சுங் லிங் சூ என்ற பெயரில் சீனராக வேடம் போட்ட அமெரிக்க மந்திரவாதி வில்லியம் ரொபின்சன், துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையை ஆண்டுக்கணக்காகச் செய்து வந்தவர். 1918 மார்ச்சில் லண்டன் மேடையில் அதே வித்தையில் சுடுபட்டு மறுநாள் செத்தார். துப்பாக்கியின் உள்ளே உலோகம் தேய்ந்து, எரியாத மருந்து சேர்ந்து, வெடிக்கக்கூடாத குழல் வெடித்துவிட்டது. தந்திரம் அதே தந்திரம்தான். கருவி பழசாகிவிட்டது.

பெயர் போடுவதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கூச்சமாகத்தான் இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் ஒளி, ஒலி, ஒப்பனை, உடை என்று எல்லாருக்கும் பெயர் இருக்கும். தந்திரக் காட்சிக்கு மட்டும் இராது. கேட்டால், "ரகசியம்தானே தம்பி!" என்கிறீர்கள். எப்படிச் செய்தோம் என்பதுதான் ரகசியம், யார் செய்தார் என்பதில் என்ன ரகசியம்? 2016இல் லண்டனில் தொடங்கிய ஹரி பொட்டர் நாடகத்தில் மாயக்காட்சிக்கு ஜேமி ஹரிசன் என்று பெயர் போட்டார்கள். பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் ரகசியத்தைக் காப்பாற்றும்படியும் கேட்டுக்கொண்டார்கள். நீங்களும் அறிவிப்பாளரிடம் ஒரு வரி சொல்லச் சொல்லலாம். போனில் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எல்லாத் தந்திரமும் செத்துப்போகும். பிள்ளைகள் மாதக்கணக்கில் பாடுபட்டதற்கு அது மரியாதையும் இல்லை.

பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு: உங்கள் மாணவர்களில் நடிக்க விரும்பாத, ஆனால் பிளைவுட்டையும் சில்லையும் கண்டால் கண் விரிகிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை என்னிடம் அனுப்புங்கள். கலாசார மத்திய நிலையங்களையும் மண்டபங்களையும் நடத்துகிறவர்களுக்கு: விழாவுக்கு முதல் நாள் இரவு மண்டபத்தைத் தாருங்கள். விளக்குகளோடும் உடுப்போடும் ஒரு முழு ஒத்திகை பார்க்க அந்த இரவு வேண்டும். காலையில் பந்தல்காரர், சவுண்ட்காரர், பூக்காரர், கேக் கொண்டு வருகிறவர் எல்லாரும் ஓடித் திரியும்போது முதன்முறையாகக் கறுப்புத் திரை கட்ட முடியாது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தனித்தனியாகத் துணி வாங்கிக் கெடுக்காமல், நல்ல வெல்வெற்றும் யன்னல் திரைகளும் நகரத்தில் ஓரிடத்தில் பொதுவாக இருந்தால், மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வருகிற குழுக்களும் எடுத்துப் பாவிக்கலாம். பராமரிக்கிற வேலையைச் சம்பளமில்லாமல் நான் பார்க்கத் தயார்.

அடுத்த தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் யோசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், முடிவு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்துருவை அனுப்புங்கள். எந்த மண்டபம், எத்தனை மணிக்கு என்று அதன் மேல் எழுதிவிடுங்கள். அளவு நாடா என்னிடம் இருக்கிறது, அளவை நானே வந்து எடுக்கிறேன். திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் சரியாக விசாரித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்த் தந்திரக் காட்சி அமைப்பாளன்,
திருகோணமலை.